தொப்பிக்குப் பதில் தலைப்பாகை: காவல் துறைக்குள் சீக்கியர்கள்

தில்லியில் குடியிருக்கும் நமக்குத் தலைப்பாகை கட்டிய போலீஸ்காரர் ஓர் அதிசயக் காட்சி இல்லை. நாற்சந்தியில் கை காட்டி வண்டியை நிறுத்துபவர், காவல் நிலையத்தில் நம் புகாரை நிதானமாக எழுதிக்கொள்ளும் ஏ.எஸ்.ஐ., பாஸ்போர்ட் விசாரணைக்கு வீடு தேடி வருபவர் என்று வாரத்தில் நாலு பேரையாவது பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால், அதில் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்றுகூட நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பிள்ளைகளும் மருமக்களும் இருக்கிற இங்கிலாந்திலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் இதே காட்சி சுலபத்தில் கிடைத்துவிடவில்லை. வழக்கு, ஊர்வலம், எதிர்ப்புக் கையெழுத்து, வேலைநீக்கம் எல்லாவற்றையும் தாண்டித்தான் அங்கே அந்தத் தலைப்பாகை காவல் சீருடையில் ஏறியது. ஏறிய பிறகும் பிரச்சினை தீர்ந்தபாடில்லை. அந்தக் கதையைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விளக்கம். சீக்கியரின் ஐந்து அடையாளங்கள் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்தப் பட்டியலில் தலைப்பாகை கிடையாது. 1699 வைசாகி நாளில் ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங் கால்சாவை நிறுவியபோது ஏற்பட்ட மரபில் கேஷ், கங்கா, கடா, கச்சா, கிர்பான் ஆகியவையே ஐந்து. கேஷ் என்றால் வெட்டாத முடி, தாடியும் அதில் சேர்த்தி. அந்த முடியைக் காக்கும் உறையாகத் தலைப்பாகை வருகிறது. ஆகவே 'தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு ஹெல்மெட் போட்டுக்கொள்' என்பதும், 'தாடியை ஒட்ட நறுக்கிக்கொண்டு வா' என்பதும் சீக்கியருக்கு ஒரே கட்டளையின் இரண்டு பகுதிகள். எங்கள் எதிர்வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருமுறை எனக்கு அது கட்டப்படும் விதத்தைக் காட்டினார். ஐந்தாறு மீட்டர் துணி. ஈரம் தெளித்து, இருவர் இரு முனையைப் பிடித்து இழுத்து மடித்து, கண்ணாடி முன் நின்று சுற்ற வேண்டும். நெற்றியில் முக்கோணமாக வேறு நிறத்தில் எட்டிப் பார்க்கிறதே, அந்த உள்துணிக்கு 'ஃபிஃப்டி' என்று பெயராம். "தொப்பி சரிஞ்சா கையால தள்ளிக்கலாம் பாயிசாப், இது சரிஞ்சா மறுபடி முதல்ல இருந்து" என்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தலைப்பாகைப் போலீஸைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களே ஆங்கிலேயர்கள்தாம். 1867இல் ஹாங்காங் காவல் துறைக்குப் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1873இல் கேப்டன் ஸ்பீடி என்பவர் மலாயாவின் பேராக் மாநிலத்துக்குப் பஞ்சாபியரை ஆயுதக் காவலுக்காக அழைத்துப் போனார். 1881இல் சிங்கப்பூரில் சீக்கியக் காவல் படை உருவானது. ஷாங்காயிலும் அப்படியே. மலாயாத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர் பார்த்த காவலர்களில் நிறையப் பேர் இவர்கள்தாம். கல்கத்தாவில் கப்பலேறி வந்ததால் மலாய்க்காரர்கள் இவர்களை 'பெங்காலி' என்றே அழைத்தார்கள். தெற்கேயிருந்து எவர் வந்தாலும் 'மதராசி' என்கிற தில்லிவாசிகளின் உறவினர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள் போலும்! ஆக, அடிமை நாடுகளின் தெருவில் தலைப்பாகை கம்பீரமாக இருந்தது. அதே தலைப்பாகை 1950களுக்குப் பிறகு இங்கிலாந்துத் தெருவுக்கு வந்தபோதுதான் 'சீருடை விதிக்கு முரண்' ஆகிவிட்டது.

இங்கிலாந்தில் சண்டை முதலில் மூண்டது காவல் நிலையத்தில் இல்லை, பஸ் டிப்போவில். மான்செஸ்டர் மாநகரப் பேருந்தில் தலைப்பாகையோடு வேலை பார்க்கலாமா என்ற கேள்வி 1959இல் எழுந்து 1966இல்தான் முடிந்தது. வுல்வர்ஹாம்ப்டனில் 1967இல் தர்சேம் சிங் சந்து என்ற பேருந்து ஓட்டுநர் நோய் விடுப்பு முடிந்து தாடி, தலைப்பாகையோடு வேலைக்குத் திரும்பினார். வேலை போயிற்று. குடியேறிகளுக்கு எதிராக முழங்கிய ஈனாக் பவல் எம்.பி.யாக இருந்த ஊர் அது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். இரண்டு வருடம் இழுத்த தகராறில் சோகன் சிங் ஜாலி என்பவர் தீக்குளிப்பேன் என்று நாள் குறித்து அறிவித்ததும் 1969 ஏப்ரலில் நகராட்சி இறங்கி வந்தது. 1976இல் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டிலிருந்து தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு தரும் சட்டம் வந்தது. (நம் நாட்டு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவிலும் இதே விலக்கு உண்டு.) தலைப்பாகை கட்டிய ஒரு மாணவனைச் சேர்க்க மறுத்த பர்மிங்ஹாம் பள்ளி வழக்கில், சீக்கியர்கள் இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரிய தனி இனக்குழு என்று பிரபுக்கள் சபை 1983இல் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு எந்த முதலாளியும், போலீஸ் உட்பட, 'எங்கள் விதி இப்படித்தான்' என்று ஒற்றை வரியில் கதவைச் சாத்த முடியாமல் போயிற்று.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கர்பால் கவுர் சந்து. 1971இல் பர்மிங்ஹாம் காவல் துறையில் சேர்ந்தார். பிரிட்டனின் முதல் ஆசியப் பெண் காவலர் அவரே. பஞ்சாபி பேசும் குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்து பெண்களிடம் பேசக்கூடிய ஒரே போலீஸாக அவர் எவ்வளவு பயன்பட்டிருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1973 நவம்பரில், 30 வயதில், அவருடைய கணவரே அவரைக் கொன்றுவிட்டார். மனைவியின் இந்த வேலை கணவருக்குப் பிடிக்கவில்லை என்கின்றன அவரைப் பற்றிய பதிவுகள். ஐம்பது ஆண்டுகள் கழித்துத்தான் அவர் பெயரை ஊரறியச் செய்யும் முயற்சிகள் நடந்தன. சிறுபான்மையினர் போலீஸில் சேர முடியாமல் போவதற்கு நிலையத்துக்குள் இருப்பவர்கள் மட்டுமே காரணமென்று பேசிவிடுவது சுலபம். வீட்டுக்குள்ளும் ஒரு கதவு இருக்கிறது. "பொண்ணுக்குப் போலீஸ் வேலையா? வேற வேலையே கிடைக்கலையா?" என்ற கேள்வி நம் வீடுகளிலும் கேட்கிற கேள்விதானே.

அடுத்த திருப்பம் 1999. ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் 1993இல் லண்டனில் கொல்லப்பட்ட வழக்கைப் போலீஸ் கையாண்ட லட்சணத்தை விசாரித்த மக்ஃபெர்சன் அறிக்கை அந்த ஆண்டு வந்தது. லண்டன் போலீஸில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று அது சொன்னது. 70 பரிந்துரைகள் தந்தது. கறுப்பினக் காவலர் சங்கம் லண்டனில் 1994இலேயே தொடங்கிவிட்டது. அதைப் பின்பற்றி முஸ்லிம், இந்து, சீக்கியக் காவலர்களுக்கும் தனித்தனி அமைப்புகள் எழுந்தன. லண்டன் மாநகரக் காவல் துறைக்கென ஒரு சீக்கியச் சங்கம், நாடு முழுவதற்கும் தேசிய சீக்கியக் காவலர் சங்கம் என்று இன்று இருப்பவை இந்த வரிசையில் வந்தவை. இவை தொழிற்சங்கங்கள் இல்லை. சம்பளம், பென்ஷன் பேசுவதற்கு அங்கே போலீஸ் ஃபெடரேஷன் 1919 முதல் இருக்கிறது. உறுப்பினர்களில் சீருடைக்காரர்கள் மட்டும் என்றும் எண்ணவேண்டாம். அவசரத் தொலைபேசியை எடுப்பவர், தடயவியல் கூடத்தில் இருப்பவர், அலுவலக எழுத்தர், 2002 சட்டத்தால் வந்த சமூக ஆதரவு அலுவலர் எல்லோரும் 'ஊழியர்' என்ற பெயரில் இதற்குள் வருவார்கள்.

அப்படி என்னதான் செய்கிறார்கள்? பெரும்பாலும் பத்திரிகையில் வராத வேலை. குருத்வாராவுக்குள் விசாரணைக்குப் போகும் காவலர் தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுப்பது. கைதான சீக்கியரின் தலைப்பாகையைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றால் பிறர் பார்வையில் படாத அறையில், அவரையே கழற்றச் சொல்லி, அதைத் தரையில் போடாமல் சுத்தமான இடத்தில் வைத்து, தலையை மூட வேறு துணி கொடுக்க வேண்டும் என்று எழுதி வைப்பது. கிர்பானைப் பார்த்ததும் கத்திக் கேஸ் போட ஓடாமல், மதக் காரணத்துக்காக அதை வைத்திருப்பதை 1988 குற்றவியல் நீதிச் சட்டமே ஒப்புக்கொள்கிறது என்பதை நினைவூட்டுவது. வைசாகி விழாவில் மேசை போட்டு உட்கார்ந்து, சந்தேகத்தோடு பார்க்கும் பெற்றோரிடம் ஆள்சேர்ப்புப் படிவத்தை நீட்டுவது. பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது இன்னொன்று. ஆண்களுக்கெல்லாம் சிங், பெண்களுக்கெல்லாம் கவுர் என்றிருக்கும் சமூகத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தில் அதையே நிரப்பினால், ஒரே பெயரில் பத்துப் பேர் நிற்பார்கள். அண்ணனும் தங்கையும் வேறு வேறு குடும்பம் ஆகிவிடுவார்கள். வடநாட்டு அலுவலகங்களில் அப்பா பெயரின் முதலெழுத்தை வைத்துக்கொண்டு நாம் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது தளவாடங்கள். கலவரப் பயிற்சிக்கு ஹெல்மெட் வேண்டும். நச்சுப்புகை முகமூடி தோலோடு ஒட்டினால்தான் காற்றுப் புகாது. தாடி இடையில் வந்தால் ஓட்டை விழும். துப்பாக்கிப் பிரிவில் குண்டு துளைக்காத தலைக்கவசம் கட்டாயம். இந்த மூன்றிலும் தகுதி இல்லாதவருக்குப் பதவி உயர்வுக்கு உதவும் பிரிவுகள் பல மூடியே கிடக்கும். 2009இல் பிரிட்டிஷ் சீக்கியக் காவலர் சங்கம், குண்டு துளைக்காத தலைப்பாகை ஒன்றை உருவாக்க முடியுமா என்று ஆராயச் சொன்னது. பலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிப்பதற்கான யோசனையாகப் படவில்லை. துப்பாக்கிப் பிரிவில் சேர விரும்பிய ஒருவர் வேறென்ன கேட்பார்? அதே ஆண்டில், கலவரப் பயிற்சியின்போது தலைப்பாகையைக் கழற்றச் சொல்லி வற்புறுத்தப்பட்ட மான்செஸ்டர் பகுதிக் காவலர் ஒருவருக்கு 10,000 பவுண்டு இழப்பீடு தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2015இல் வந்த பிரிட்டிஷ் சட்டம் எல்லாப் பணியிடங்களிலும் சீக்கியருக்குத் தலைக்கவச விலக்கை விரித்தது. ஆனால் தீ, கலவரம் போன்ற அவசரப் பணிகளில் பாதுகாப்புக் கவசம் தேவைப்படும் இடத்தில் விலக்கு செல்லாது என்றும் எழுதி வைத்தது. நேர்மையான வரம்பு என்றே நினைக்கிறேன். கல் பறந்து வரும்போது மண்டை ஓட்டுக்கு மதம் தெரியாது. ஆனால் அந்த வரம்பைக் காட்டி ஒருவரை அறைக்குள் உட்காரவைத்தே ஓய்வு பெறச் செய்துவிடவும் முடியும். சங்கங்கள் கண்காணிப்பது அதைத்தான்.

தீர்வு எப்போதும் மேலதிகாரியிடமிருந்து வருவதில்லை என்பதற்கு ஓர் உதாரணம். தாடியை அழுத்திக் கட்டச் சீக்கியர்கள் பயன்படுத்தும் துணிப்பட்டைக்கு 'டாட்டா' என்று பெயர். கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் சீக்கிய மருத்துவர்கள், அதே பாணியில் ரப்பர் போன்ற பட்டையால் தாடியை மூடிக் கட்டி அதன்மேல் சுவாச முகமூடியைப் பொருத்தும் முறையைக் கண்டு, 2020இல் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்கான முறை அது. காவல் துறையின் முகமூடி வேறு ரகம். இருந்தாலும் 'தாடி என்றால் முடியவே முடியாது' என்ற பேச்சு அத்தோடு தளர்ந்தது. இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் நாட்டில் நடந்தது. 2023 தொடக்கத்தில் இந்திய ராணுவம் சீக்கிய வீரர்களுக்கென்று கொண்டையோடு பொருந்தும்படி வடிவமைத்த 12,730 தலைக்கவசங்களை வாங்க முனைந்தபோது சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி கடுமையாக எதிர்த்தது. இங்கிலாந்துச் சீக்கியக் காவலர் கவசத்தைக் கேட்கிறார், அமிர்தசரஸ் அது வேண்டாம் என்கிறது. சமூகம் ஒரே குரலில் பேசும் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது.

கனடா பக்கம் போவோம். அந்த நாட்டின் மவுண்டட் போலீஸ், சிவப்புக் கோட்டும் அகன்ற விளிம்புள்ள ஸ்டெட்ஸன் தொப்பியுமாய், தேசியச் சின்னம் மாதிரி. மலேசியாவில் பிறந்து 1983இல் பதின்ம வயதில் கனடாவுக்கு வந்த பல்தேஜ் சிங் தில்லான் 1988இல் அதில் சேர மனுப் போட்டார். எல்லாத் தேர்விலும் தேறினார். தலைப்பாகையையும் தாடியையும் விடவேண்டும் என்றார்கள், மறுத்துவிட்டார். காவல் துறைத் தலைவர் நார்மன் இங்க்ஸ்டரே விதியை மாற்றலாம் என்று பரிந்துரைத்தது கவனிக்கத்தக்கது. நாடே கொதித்தது. கால்கரியில் தொடங்கிய எதிர்ப்பு மனுவில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். கேலி காலண்டர், கேலி பேட்ஜ் எல்லாம் விற்பனைக்கு வந்தன. 1985 ஜூனில் 329 பேரைப் பலிகொண்ட கனிஷ்கா விமான வெடிவிபத்து மக்கள் மனத்தில் பச்சையாக இருந்த நேரம் அது என்பதையும் மறக்கக்கூடாது. 1990 மார்ச்சில் அரசு அனுமதி தந்தது. 1991இல் தில்லான் பயிற்சி முடித்து வெளியே வந்தார். ஓய்வுபெற்ற மவுண்டட் போலீஸ்காரர்கள் சிலர் தொடுத்த வழக்கு ஒவ்வொரு படியாகத் தோற்று, 1996இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததோடு முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். தலைப்பாகை கட்டியவர் சொந்தச் சமூகத்துக்குச் சாய்வார் என்பது எதிர்த்தவர்களின் பெரிய வாதம். அதே தில்லான் பின்னாளில் கனிஷ்கா குண்டுவெடிப்புப் புலனாய்வுக் குழுவில் வேலை பார்த்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களும் சாட்சிகளும் பெரும்பாலும் சீக்கியர்களாக இருந்த வழக்கில், அவர்களோடு பஞ்சாபியில் பேசக்கூடிய ஒரு போலீஸ்காரரின் மதிப்பு அந்தக் கையெழுத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ! 2025 பிப்ரவரியில் அவர் கனடா செனட் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதே நாட்டின் கியூபெக் மாகாணமோ, 2019இல் போலீஸ், ஆசிரியர் உள்ளிட்டோர் பணியில் மத அடையாளம் அணியக்கூடாது என்று சட்டம் இயற்றியது. சீக்கியர் நிறைந்த பிராம்ப்டன் நகரம் அடங்கிய பீல் வட்டாரக் காவல் துறைக்கு அதே 2019இல் தலைவரானவர் இலங்கையில் பிறந்த தமிழர், நிஷான் துரையப்பா.

அமெரிக்காவை விரைவாகவே பார்த்துவிடலாம். நியூயார்க்கில் அம்ரிக் சிங் ராத்தோர், ஜஸ்ஜித் சிங் ஜக்கி என்ற இருவர் தலைப்பாகைக்காக வழக்காடி 2004இல் வென்றார்கள். 2016 டிசம்பரில்தான் நியூயார்க் போலீஸ் பொது விதியையே மாற்றி, கருநீலத் தலைப்பாகையில் காவல் சின்னத்தைக் குத்திக்கொள்ளவும் அரை அங்குலத் தாடி வைக்கவும் அனுமதித்தது. அங்கும் சீக்கிய அதிகாரிகள் சங்கம் உள்ளேயிருந்து பேசியது. வெட்டவே கூடாத முடிக்கு அரை அங்குலக் கணக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்டால், அதற்கு இன்றும் நல்ல பதில் இல்லை. டெக்சாஸில் ஹாரிஸ் கவுண்டி ஷெரீஃப் அலுவலகத்தின் கதை வேறு மாதிரி. வீட்டில் திருட்டு என்று போலீஸைக் கூப்பிட்ட ஒரு சீக்கியக் குடும்பத்தையே 2008இல் அங்குள்ள காவலர்கள் சந்தேகத்தோடு நடத்தினார்கள். அந்தப் பகையை ஆற்றவேண்டும் என்றுதான் சந்தீப் சிங் தலிவால் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். 2015இல் தலைப்பாகையோடு பணிபுரிய அனுமதி கிடைத்தது. 2019 செப்டம்பர் 27 அன்று வாகனச் சோதனையின்போது பின்னாலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார். அஞ்சலிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரில் எல்லா மதத்தவரும் இருந்தார்கள். அவர் பெயரில் அங்கே ஓர் அஞ்சலகம் இருக்கிறது.

இனி மீண்டும் லண்டன். 2023 மார்ச்சில், லண்டன் காவல் துறையின் உள்நிலையை ஆராய்ந்த லூயிஸ் கேஸியின் அறிக்கை வந்தது. அதில் இரண்டு சம்பவங்கள். ஒரு சீக்கியக் காவலரின் தாடியைச் சக காவலர் ஒருவர் வேடிக்கையென்று கத்தரித்திருக்கிறார். இன்னொரு சீக்கியக் காவலரின் தலைப்பாகையை எடுத்து ஷூ பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சட்டம் மாறி, தீர்ப்பு வந்து, சீருடைப் பட்டியலில் தலைப்பாகையும் சேர்ந்து பல பத்தாண்டுகள் ஆகியும் உடை மாற்றும் அறையில் நடப்பது இது. ஷூ பெட்டியைப் பற்றி எந்த விதிப் புத்தகமும் பேசாது. பாதிக்கப்பட்டவர் அடுத்த நாள் யாரிடம் போய்ச் சொல்வார், சொன்னால் 'விளையாட்டுக்கு இவ்வளவு அலட்டலா' என்று கேட்காத ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. சங்கம் என்று ஒன்று தேவைப்படுவது அந்த ஒருவருக்காக.

நம் ஊரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தலைப்பாகைக்கு இங்கே ஒருநாளும் தடை இருந்ததில்லை. ஆனாலும் 1984 நவம்பரில் தில்லியில் அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது போலீஸ் நடந்துகொண்ட விதத்தை ஆராய்ந்த குசும் லதா மித்தல் 1990இல் 72 காவல் அதிகாரிகளின் மீது குறை கண்டார். அந்த நாட்களில் தில்லியில் இருந்தவர்களுக்கு நான் எதுவும் விவரிக்கத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தில் பணியில் இருந்த சீக்கிய ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர், தலைப்பாகை கட்டியிருப்பதற்காகவே தன்னைக் காலிஸ்தானி என்று போராட்டக்காரர்கள் சொல்கிறார்கள் என்று கேமரா முன்னால் பொங்கினார். சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு மறுத்தது.

இங்கிலாந்துபோல இங்கே காவலர்கள் சேர்ந்து சங்கம் வைத்துப் பேசிவிடவும் முடியாது. காவல் படையினர் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1966 அதற்கு இறுக்கமான எல்லை போட்டிருக்கிறது; அங்கீகாரம் பெறாத அமைப்பென்றால் பொழுதுபோக்கு, சமூகம், மதம் என்ற அளவில் நிற்க வேண்டும். நமக்குத் தெரிந்த அளவில் இதற்குக் கொஞ்சம் நெருங்கி வருவது தில்லி போலீஸின் வடகிழக்கு மாநிலத்தவருக்கான சிறப்புப் பிரிவு. அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் தாக்கப்பட்டு இறந்த பிறகு அது வந்தது. அம்மாநிலத்திலிருந்து முதன்முதலாக ஐ.பி.எஸ். ஆன ராபின் ஹிபு இந்தப் பணியில் முன்நின்றார். வடகிழக்கிலிருந்து ஆண்களும் பெண்களும் தில்லி போலீஸில் சேர்க்கப்பட்டார்கள். முகத்தைப் பார்த்து "எந்த நாடு?" என்று கேட்கப்பட்டவர்கள், கூப்பிட்டுப் பேச 1093 என்ற எண் கிடைத்தது.